கல்லாவில் ஒப்படைத்த டிப்ஸ்

பில்லை வைத்துவிட்டு டேபிள் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். சப்ளையர் வேலையில் அதுதான் முக்கியமான வித்தை. ஒட்டி நின்றால் சாப்பிட்டவர்களுக்கு எரிச்சல் வரும். விலகிப் போய்விட்டால் மறந்து எழுந்துவிடுவார்கள். தண்ணீர் ஜக்கைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த டேபிளைத் துடைப்பதுபோல, ஆனால் அவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் நிற்க வேண்டும். எனக்கு அது மட்டும் வரவே இல்லை. பில்லையும் சோம்புத் தட்டையும் வைத்த உடனே கால் தானாகச் சமையல்கட்டுப் பக்கம் போய்விடும். திரும்பி வந்து பார்த்தால் தட்டில் சோம்பு இருக்கும். சில நாள் அதுவும் இருக்காது.

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகிற பெரிய ரோட்டின் மேல் இருக்கிற சைவ ஹோட்டல் அது. சனி ஞாயிறு என்றால் பெங்களூர் கார்கள் வரிசையாக நிற்கும். மற்ற நாட்களில் கம்பெனி ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள், லாரிக்காரர்கள், கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் போய் வருகிற குடும்பங்கள். இந்தப் பக்கத்து வாலிபப் பிள்ளைகள் எல்லாம் கம்பெனி பஸ் ஏறிவிடுவதால் ஹோட்டலில் தட்டு தூக்க ஆள் கிடைப்பதில்லை. அதனால்தான் என்னைப் போன்ற பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். அதற்கு முன்னால் நான் ரோஜாத் தோட்டத்து ஷெட்டில் பூ அறுத்துக்கொண்டிருந்தேன். மருந்து வாடை ஒத்துக்கொள்ளாமல் இருமல் பிடித்துக்கொண்டது. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆயிற்று. காவேரிப்பட்டினத்தில் கட்டிக் கொடுத்த மகள் வந்து தன்னோடு இருக்கச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். மருமகன் நல்லவர்தான். ஆனால் நான் என் வாடகை ரூமில், என் காசில் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அது ஒன்றுதான் எனக்கு இருந்த பிடிவாதம்.

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு மேனேஜர் சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது. சேலத்துப் பக்கத்து ஆள், மரியாதையாகத்தான் பேசுவார். சம்பளத்தைச் சொன்னபோது, இது ரோஜாத் தோட்டத்தில் வாங்கினதைவிடக் குறைவாயிற்றே என்று நான் தரையைப் பார்த்தேன். அவர் அதைப் புரிந்துகொண்டார்.

"சம்பளம் இவ்ளோதாம்மா. மீதி டேபிள்ல வந்துரும். எல்லா ஓட்டல்லயும் இப்படித்தான்."

எல்லா இடத்திலும் அப்படித்தான் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நானும் நம்பினேன்.

டேபிளில் வருவதும் எல்லோருக்கும் ஒரே மாதிரி வரவில்லை. ஏ.சி. ஹாலை அண்ணாச்சி பார்த்துக்கொண்டார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஹோட்டல் வேலையிலேயே தலை நரைத்தவர். ஒரு குடும்பம் உள்ளே நுழைகிறபோதே யார் பில் கொடுப்பார், யாருக்குக் காரம் ஆகாது என்று கண்டுபிடித்துவிடுவார். நடு ஹாலில் தளிப் பக்கத்தில் பிறந்து ஓசூரில் வாழ்க்கைப்பட்ட ஒருத்தி. பெங்களூர்க்காரர்களிடம் கன்னடத்திலும், பாகலூர்ப் பக்கத்தவர்களிடம் தெலுங்கிலும் பேசிச் சிரிக்க வைத்துவிடுவாள். வாயாடி. எங்களுக்கெல்லாம் அவள் தளிக்காரி. என்னை அக்கா, அக்கா என்று சுற்றி வருவாள். கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்து டேபிள்கள் என்னுடையவை. அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு வண்டியை எடுக்கப் போகிறவர்கள்தான் அங்கே உட்காருவார்கள். மிச்சச் சில்லறையை விட்டுவிட்டுப் போவார்கள். பிறகு எல்லோரும் போனில் பணம் போடப் பழகினார்கள், சில்லறையும் நின்றுபோயிற்று. ஒருவர் என்னிடம், "உனக்கும் சேர்த்துப் போட்டுட்டேம்மா, கல்லாவுல வாங்கிக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கல்லா வரைக்கும் போனேன். அங்கே கூட்டமாக இருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் மேனேஜர் என்னைப் பார்சல் கட்டுகிற இடத்துக்கு மாற்றினார். நான் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, டேபிளுக்குக் கலகலப்பான ஆள் வேண்டும் என்றார். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. சாம்பாரைக் கவரில் ஊற்றி ரப்பர் பேண்ட் போடுவது, சட்னி டப்பா மூடியை அமுக்குவது, வாழையிலையை வைத்துத் தோசையை மடிப்பது, எல்லாம் வாய் திறக்காமல் செய்கிற வேலை.

அந்த மாதச் சம்பளத்தை வாங்கியபோதுதான் உறைத்தது. சம்பளம் அதேதான். ஆனால் பார்சலில் யாரும் டிப்ஸ் வைப்பதில்லை. டேபிளில் வரும் என்று சொன்ன மீதி, டேபிளே இல்லாதவளுக்கு எங்கிருந்து வரும்? வாடகை கொடுத்ததும் கையில் நின்றது அரிசிக்கே போதவில்லை. மகள் போன் செய்தபோது குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பி வா என்றாள். இந்த மாதம் போகட்டும் என்றேன்.

பார்சல் வாங்க வண்டியில் வருகிற டெலிவரிக்காரர் ஒருவர் இருந்தார். சூளகிரிப் பக்கத்துக் கம்பெனியில் வேலை பார்த்தவர். கான்ட்ராக்ட் முடிந்ததென்று நிறுத்திவிட்டதால் வண்டி ஓட்டுகிறார், நடுத்தர வயசு. ஆர்டர் தயாராகும் வரைக்கும் என் முன்னால் நிற்பார். மழையில் நனைந்து ஏழாவது மாடி வரைக்கும் ஏறிக் கொடுத்தாலும், போனில் ஒரு டிப்ஸைத் தட்டிவிடுவது வாங்குகிறவரின் மனசைப் பொறுத்தது என்றும், அதையும் நம்பித்தான் தன் பெட்ரோல் ஓடுகிறது என்றும் சொன்னார். "நாம ரெண்டு பேரும் யாரோ ஒருத்தர் நல்ல மனசுல இருக்கற நாள்ல மட்டும்தாம்மா சோறு திங்கறோம்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோதும் அந்தப் பேச்சு மனசைவிட்டுப் போகவில்லை.

மேனேஜரைக் கேட்டுவிடுவது என்று தீர்மானித்தேன். தளிக்காரி தான் கேட்கிறேன் என்றாள். வேண்டாம், என் சம்பளத்தை நான்தான் கேட்க வேண்டும் என்றேன். சொன்னேனே தவிர, மேனேஜர் ரூம் வாசல் வரைக்கும் போய், ஏதோ எடுக்க வந்தவள்போல எத்தனையோ தடவை திரும்பி வந்தேன். கடைசியில் அவரே கூப்பிட்டு என்ன என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"உங்க சம்பளத்துல நான் ஒரு ரூபா கொறைக்கலையேம்மா. டிப்ஸ் வரலைன்னா அதுக்கு ஓட்டல் என்னா பண்ணும்?"

மறுபடியும் டேபிளுக்கே போகச் சொன்னார். கொஞ்சம் சிரித்துப் பேசிப் பழகிக்கொள்ளுங்கள், வயசானவர் என்றால் ஜனங்கள் இரக்கப்பட்டுத் தாராளமாகவே வைப்பார்கள் என்றார். நல்லது என்று நினைத்துத்தான் சொன்னார். எனக்கு ஆத்திரமாக வந்தது. நான் இலை போட்டேன், எச்சில் எடுத்தேன், விடிவதற்குள் வந்து டேபிள் துடைத்தேன், இப்போது பார்சல் கட்டுகிறேன். இத்தனைக்கும் மேலே இரக்கத்தையும் சம்பாதித்தால்தான் அரிசி வாங்க முடியும் என்றால், செய்த வேலைக்கு என்ன கூலி?

தளிக்காரியின் வீட்டுக்காரர் கம்பெனியில் வேலை செய்கிறார். அவர் மூலமாக அவள் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரித்துக்கொண்டு வந்தாள். ஹோட்டல் வேலைக்கும் அரசாங்கம் குறைந்தபட்சக் கூலி என்று ஒன்று வைத்திருக்கிறது, முதலாளி கையிலிருந்து அது முழுசாக வர வேண்டும், டிப்ஸை அதில் கழித்துக் காட்டக் கூடாது என்று அங்கே சொன்னார்களாம். எங்களில் யாருக்கும் அந்தக் கூலி வரவில்லை, அண்ணாச்சிக்கும்கூட. டிப்ஸையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் அவருடையது அதைத் தாண்டியது. அதனால் அவருக்கு அது தெரியவே இல்லை.

மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்தபின் பின்கட்டில் உட்கார்ந்து நாங்கள் சாப்பிடுவோம். அங்கேதான் பேச்சு வந்தது. மேனேஜரிடம் போய்ச் சொன்னால், டிப்ஸ்தான் வருகிறதே என்பார். அந்தப் பதில் எல்லோருக்கும் மனப்பாடம். நான் சோற்றைப் பிசைந்தபடியே, அப்படியென்றால் யாரும் டிப்ஸ் வாங்காமல் இருந்தால் என்ன சொல்வார் என்று கேட்டேன். தளிக்காரி சிரித்தாள். டேபிளில் வைத்துவிட்டுப் போகிறதை என்ன செய்வது, குப்பையில் போடுவதா என்றாள்.

எங்கள் ஹோட்டலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சாப்பிட்டவர்கள் எதை மறந்து விட்டுப் போனாலும் உடனே கல்லாவில் ஒப்படைத்துவிட வேண்டும். மூக்குக் கண்ணாடி, சாவி, குழந்தையின் ஒற்றைச் செருப்பு, பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட் வரைக்கும். கல்லாவுக்குப் பின்னால் அதற்கென்று ஒரு எவர்சில்வர் டிரம் இருக்கிறது.

"கண்ணாடிய விட்டுட்டுப் போனா கல்லாவுலதான குடுக்கறோம்" என்றேன். "காசையும் அப்படியே குடுத்தர்லாம்."

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அக்கா, நீ பேசறதே இல்லைன்னு மேனேஜரு கொற சொல்றாரு. பேசினா இப்படிப் பேசற."

அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. அதில் தப்பும் சொல்ல முடியாது. அவருடைய பெண் நர்சிங் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஏ.சி. ஹாலில் வருவதுதான் அவள் ஃபீஸ்.

"சொல்லுதது லேசுக்கா. உங்களுக்கு வராத காசை விடுதீய. நான் வாற காசைல்லா விடணும்."

நான் அவரை எதிர்த்துப் பேச வேண்டும் என்று நினைக்கவில்லை. ஆனால் சும்மா இருக்கவும் முடியவில்லை. போன ஆடி மாதம் ரோட்டில் கார் குறைந்தபோது அவர் எல்லோரிடமும் கைமாற்று கேட்டார். மஞ்சள்காமாலை வந்து படுத்தபோது லீவுச் சம்பளம் என்று மேனேஜர் கொடுத்தது அந்தச் சின்னச் சம்பளத்தின் கணக்கில்தான், டிப்ஸ் கணக்கில் இல்லை. அதை மட்டும் சொன்னேன். அவர் எழுந்து கையைக் கழுவப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தோம். மேனேஜர் சொன்னபடி டேபிளுக்குப் போகாமல் நான் பார்சலிலேயே நின்றேன், அங்கிருந்து கல்லா நன்றாகத் தெரியும். டேபிளில் யார் காசு வைத்தாலும் தளிக்காரியும் மற்றப் பெண்களும் வேண்டாங்க என்று சொன்னார்கள். அதில் நாங்கள் நினைக்காத ஒரு சிக்கல் வந்தது. சாப்பிட்டவர்கள், வைத்தது போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருவர் பெரிய நோட்டாக மாற்றி வைத்தார். ஒரு பெங்களூர் அம்மாள் முகம் சிவந்து, கன்னடத்தில், என்ன ஊர் இது, எவ்வளவு கொடுத்தாலும் திருப்தி இல்லை என்று சத்தம் போட்டார். அவருக்கு விளக்கம் சொல்லிச் சொல்லித் தளிக்காரிக்குத் தொண்டை வற்றிப்போயிற்று. லாரிக்காரர் ஒருவர், வீட்டில் ஏதாவது கோபமா தாயி என்று கேட்டுவிட்டு, தட்டுக்கு அடியில் செருகி வைத்துவிட்டு ஓடிவிட்டார்.

வேண்டாம் என்று சொல்லியும் விட்டுப் போன காசெல்லாம் கல்லாவுக்கு வந்தது. ஒவ்வொன்றையும் கொண்டுவந்து, இன்ன டேபிளில் சாப்பிட்டவர் விட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று ஒப்படைத்தார்கள். கல்லாவில் உட்கார்ந்திருந்த மேனேஜருக்கு முதலில் புரியவில்லை. நீயே எடுத்துக்கொள் என்றார். எங்களுடையது இல்லீங்க என்றாள் தளிக்காரி. பில் கொடுக்க நின்ற ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவர் அந்தக் காசைக் கல்லாவில் போடவும் முடியாமல், கையில் வைத்திருக்கவும் முடியாமல் டிரம்மில் போட்டார். கண்ணாடிக்கும் சாவிக்கும் மேலே நோட்டு ஏறிக்கொண்டே போனது. ஒருவர் இது என்ன உண்டியலா என்று கேட்டார். வரிசையில் நின்ற இன்னொருவர் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அப்படியென்றால் இவர்களுக்குச் சம்பளம் நீங்கள் கொடுப்பதில்லையா என்று மேனேஜரையே கேட்டுவிட்டார்.

மத்தியானம் வரைக்கும் அண்ணாச்சி எங்களோடு சேரவில்லை. தன் டிப்ஸைத் தன் பையில்தான் போட்டுக்கொண்டார். பிறகு ஏ.சி. ஹாலில் சாப்பிட்ட ஒருவர் தட்டில் நோட்டை வைத்து, அதன்மேல் விரலை வைத்துக்கொண்டே, வெளியே போய்க் கார் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வா என்றிருக்கிறார். இதற்கு முன்னால் அண்ணாச்சி துடைக்காத கார் இல்லை. அன்றைக்கும் போய்த் துடைத்தார். வந்து அந்த நோட்டை எடுத்துக்கொண்டு நேராகக் கல்லாவுக்கு நடந்தார். மேனேஜர் முன்னால் வைத்துவிட்டு, யாரோ மறந்துவிட்டுப் போய்விட்டார்கள் என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

சாயங்காலம் முதலாளி வந்தார். எங்களை ஏ.சி. ஹாலில் நிற்க வைத்தார். டிப்ஸ் வேண்டாம் என்கிற ஹோட்டல் ஆட்களை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். தளிக்காரி வாயைத் திறந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "நீ எப்பவும் பேசறவ. அந்தம்மா சொல்லட்டும்" என்று என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவேன் என்று நினைத்திருப்பார். என் குறை என்ன என்று கேட்டார்.

புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பார்சல் டேபிளில் டிப்ஸ் இல்லை என்று ஆரம்பித்தேன். குரல் எனக்கே கேட்கவில்லை. சத்தமாகச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன்.

"நான் வேலை செய்யறது உங்ககிட்டங்க. சாப்பிட வர்றவங்ககிட்ட இல்லைங்க. கூலிய நீங்க குடுங்க. அவங்க பிரியப்பட்டு ஏதாச்சும் வெச்சா அது வேற."

அவர், அப்படிக் கொடுத்தால் தோசை விலையை ஏற்ற வேண்டி வரும், ஜனங்கள் பக்கத்து ஹோட்டலுக்குப் போய்விடுவார்கள் என்றார். ஏற்றுங்கள் என்றேன். போர்டில் எழுதி வையுங்கள், தோசைக்கு என்ன ஆகிறது என்று தெரிந்தே சாப்பிடட்டும், குறைந்த விலையைப் போர்டில் காட்டிவிட்டு மீதிக்கு எங்களைப் பல்லைக் காட்ட வைக்காதீர்கள் என்றேன். இதை எல்லாம் நான்தான் பேசினேனா என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

மற்றவர்கள் போன பிறகு என்னை மட்டும் நிறுத்தி வைத்தார். உங்கள் வயசுக்கு அலைய வேண்டாம், உங்களுக்கு மட்டும் அரசாங்கக் கூலியைப் போட்டுத் தரச் சொல்கிறேன், இதைப் பெரிசு பண்ண வேண்டாம் என்றார். எனக்கு வேண்டியது அதுதான். என் ரூம், என் அரிசி, மகளிடம் போகாமல் இருப்பது, எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். சரி என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் நாளைக்கு அவருக்கு மனசு மாறினால்? அவர் பார்த்துக் கொடுத்தது என்றால் அதுவும் ஒரு டிப்ஸ்தானே. எல்லோருக்கும் விதி என்று வந்தால்தான் எனக்கும் நிற்கும்.

"எல்லாருக்கும் போடுங்க. அப்ப எனக்கும் வந்துரும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். தளிக்காரி வாசலிலேயே நின்றிருந்தாள்.

உடனே ஒன்றும் நடக்கவில்லை. அந்த டிரம்மில் சேர்ந்ததை அனாதை இல்லத்துக்குக் கொடுத்துவிட்டதாக மேனேஜர் சொன்னார். என்னை ராத்திரி ஷிஃப்டுக்குப் போட்டார். மாதம் பிறந்தும் சம்பளம் பழையபடியே வந்தது. நாங்கள் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய் மனுக் கொடுத்தோம். நான், தளிக்காரி, அண்ணாச்சி, இன்னும் சிலர் கையெழுத்துப் போட்டோம். அங்கே இரண்டு தடவை இழுத்தடித்தார்கள். மூன்றாவது தடவை போனபோது ஒரு அதிகாரி அம்மா உட்காரச் சொல்லிக் கேட்டார். பிறகு ஹோட்டலுக்கும் வந்து விசாரித்தார்கள். அதற்கடுத்த மாதத்திலிருந்து கூலி முழுசாக வருகிறது. போர்டில் தோசை விலையைக் கொஞ்சம் ஏற்றி எழுதியிருக்கிறார்கள். கூட்டம் குறையவில்லை. அண்ணாச்சிக்கு டிப்ஸும் வருகிறது, வாங்கிக்கொள்கிறார். ஆனால் கார் துடைக்கப் போவதில்லை. நான் பார்சலிலேயே இருந்துவிட்டேன். மகளிடம் இந்த வருஷமும் வரவில்லை என்று சொல்லியாயிற்று.

ஆனால் பாத்திரம் கழுவுகிற பெண்களுக்கு இன்னும் பழைய கூலிதான். ஜவளகிரிப் பக்கத்திலிருந்து வேனில் வருகிறார்கள். அவர்கள் கான்ட்ராக்டர் ஆட்கள், ஹோட்டல் ஆட்கள் இல்லை என்று முதலாளி சொல்கிறார். யாருடைய ஆட்கள் என்றாலும் அண்டாவைத் தேய்ப்பது எங்கள் பின்கட்டில்தான், வெந்நீரிலும் சோப்பிலும் விரல் வெந்துபோவதும் அங்கேதான். அவர்களில் மூத்தவள் நேற்று என்னிடம் வந்து, தொழிலாளர் ஆபீசில் போய் முதலில் என்ன சொல்ல வேண்டும் என்று கன்னடம் கலந்து கேட்டாள். சொல்லிக் கொடுத்தேன். அப்போதும் தயங்கி நின்றாள். புதன்கிழமை எனக்கு வார லீவு. காலையில் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நில்லுங்கள், நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.